கீரி மேல் பழி, கூண்டில் ஓட்டை

விடிந்ததும் கோழி செத்துக் கிடந்தால் கீரி. அடையில் முட்டை குறைந்தால் கீரி. குஞ்சு காணாமல் போனால், வானத்தில் பருந்து சுற்றியதை யாராவது பார்த்திருந்தால் ஒழிய, அதுவும் கீரிதான். நம் ஊர்ப்புறத்தில் இந்த வழக்குக்கு விசாரணை கிடையாது, நேரே தீர்ப்பு. தண்டனையும் தயாராக இருக்கும்: சுருக்கு வை, கருவாட்டில் குருணை மருந்தைத் தடவி வை, வேலியில் கரண்டைக் கொடு. "கீரி இருக்கிற காட்டுல கோழி வளர்க்க முடியாது. ஒன்னு அது இருக்கணும், இல்ல இது இருக்கணும்" என்று நாலு பேர் கூடும் இடத்தில் அனுபவஸ்தர்களே சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பலர் எனக்கு வேண்டியவர்கள், கோழி வளர்ப்பில் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எதிரியை ஒழித்தால் கோழி பிழைக்கும் என்ற இந்த நம்பிக்கையால்தான் வருஷா வருஷம் கோழி சாகிறது. கீரியைத் தேடி வேலியோரம் அலைகிறவர் கண்ணில் தன் கூண்டின் ஓட்டை படுவதே இல்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார். கூண்டுக்குள் பெட்டைகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்தில் கடி. ஒன்றின் நெஞ்சுக்கறி மட்டும் தின்னப்பட்டிருந்தது, மற்றவை அப்படியே கிடந்தன.

"கீரிதானுங்க. ரத்தத்த மட்டும் உறிஞ்சிப்போட்டுப் போயிருக்குது பாருங்க."

"ராத்திரி சத்தம் எப்பங்க கேட்டுச்சு?"

"பன்னெண்டு ஒன்னு இருக்குமுங்க. நாய் கொலைச்சுது. மழைன்னு நான் எந்திரிக்கலீங்க."

அந்தப் பதிலிலேயே கீரி விடுதலை ஆகிவிட்டது. கீரி பகலில் இரை தேடும் பிராணி. பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் வளைக்குள்ளோ புதருக்குள்ளோ அடங்கிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மழையில் கூரை ஏறி வந்து கோழி பிடிப்பது அதன் சுபாவம் இல்லை. கூண்டைச் சுற்றி வந்தேன். கூரைத் தகரம் சுவரைத் தொடும் இடத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை தாராளமாக நுழையும். தகரத்தின் விளிம்பில் சாம்பல் நிற மயிர் சிக்கியிருந்தது. சுற்றுச்சுவர் மேல் இருந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினேன். முழுக்க சப்போட்டா விதை. பழம் தின்று, கூரை ஏறி, ராத்திரியில் நடமாடுகிறது என்றால் அது மரநாய். பக்கத்தில் இருக்கும் தென்னையும் அதற்கு ஏணி. எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் கீரியும் சும்மா இருக்காதுங்களே" என்றார் அவர்.

கீரி சாது என்று நான் சொல்ல வரவில்லை. பட்டப்பகலில் வேலியோரம் மேயும் குஞ்சைத் தூக்கும், திறந்து கிடக்கும் அடையில் முட்டையைக் குடிக்கும், சமயம் வாய்த்தால் வளர்ந்த பெட்டையின் கழுத்தையும் பிடிக்கும். ஆனால் அதன் கணக்கு பகல் கணக்கு. ராத்திரிக் கணக்கு வேறு ஆட்களுடையது: மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு, அப்புறம் நம் தெரு நாயும் நம் வீட்டுப் பூனையும். தடயத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஆள் யாரென்று ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். இறகு ஓரிடத்தில் வட்டமாகப் பிய்த்துப் போட்டிருந்தால் பறவை. முழுக்கோழியைக் காணோம், வேலி வரை இறகு சிந்திக்கொண்டே போயிருக்கிறது என்றால் காட்டுப்பூனை, நரி, இல்லை நாய். சின்னக் குஞ்சு ஒரு தடயமும் இல்லாமல் மறைந்து, கூண்டின் மூலையில் புது மண் தள்ளியிருந்தால் பெருச்சாளி. தலையோ காலோ மட்டும் இல்லாமல் உடல் வலையோரம் கிடந்தால், வந்த பிராணி உள்ளே நுழையவே இல்லை. வலைக்கண் வழியாகக் கைக்கு எட்டியதை இழுத்துத் தின்றிருக்கிறது. இந்தக் கடைசி வகை மரணத்துக்கு முழுப் பொறுப்பு வலை வாங்கியவருடையது.

அடுத்து அந்த "ரத்தம் மட்டும் குடிக்கிற" கதை. கழுத்தில் கடித்தால் ரத்தம் வெளியே பெரிதாகத் தெரியாது, உள்ளேயே உறைந்துவிடும். பார்க்கிறவர் உறிஞ்சிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். பத்தைக் கொன்று ஒன்றைத் தின்பது வெறியால் என்பதும் அதே மாதிரிக் கற்பனைதான். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் கடற்கரை மணல்மேட்டில் கூட்டமாக அடைகாக்கும் கடற்காகங்களைக் கும்மிருட்டு ராத்திரிகளில் நரிகள் ஏராளமாகக் கொன்று போட்டுவிட்டுப் போனதை அவர் ஆராய்ந்தார். அந்த இருட்டில் பறவைகள் எழுந்து பறக்கவில்லை. வேட்டைப் பிராணிக்கு வயிறு நிறைந்தால் இரை தேடும் எண்ணம் அடங்கும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஓடாமல் நிற்பதைக் கடிக்கும் தூண்டுதல் அடங்காது. காட்டில் ஒன்று விழுந்ததும் மற்றவை ஓடிவிடும் என்பதால் இந்தத் தூண்டுதலால் பெரிய சேதம் வருவதில்லை. இருட்டில் கண் தெரியாத பத்துக் கோழிகளை நாலு சுவருக்குள் அடைத்து, ஒரு மூலையில் வழியும் விட்டு வைத்தால், ஓடிப்போக இடமில்லாத பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிபடும். இவ்வளவு கோழி செத்ததற்குக் காரணம், வந்த பிராணியின் கொடூரமா, நாம் கட்டிய அந்த அரைகுறை அறையா?

சரி, யார் செய்தால் என்ன, எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் அடுத்த படிக்குப் போவார்கள். முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜப்பானில் அமாமி ஓஷிமா என்று ஒரு தீவு. பாம்பை ஒழிப்பதற்காக 1979இல் அங்கே சுமார் 30 கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கீரிக்குச் சின்ன உறவு அது. அந்தத் தீவின் ஹபு பாம்பு ராத்திரியில் திரிவது, கீரியோ பகலில் திரிவது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்புக் குறைவு. கீரி பாம்பை விட்டுவிட்டு, அந்தத் தீவையும் பக்கத்துத் தீவு ஒன்றையும் தவிர உலகில் வேறெங்குமே இல்லாத கறுப்பு முயல்களைப் பிடித்துத் தின்றது. பிறகு கீரியை ஒழிக்க அரசே இறங்கியது. அதற்கென்று தனிப்படை, தீவு முழுக்கப் பல்லாயிரம் பொறிகள், மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள். பல வருஷம் வேலை பார்த்து, கீரி முற்றிலும் ஒழிந்தது என்று 2024 செப்டம்பரில்தான் அறிவித்தார்கள். இது கடல் சூழ்ந்த தீவு, வெளியிலிருந்து புதுக் கீரி நீந்தி வர முடியாத இடம். உங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் இருக்கிறது, அதற்கப்பால் ஓடை, ஓடைக்கப்பால் கருவேலங்காடு. நீங்கள் ஒரு கீரியைக் கொன்றால், அது எல்லை வகுத்து வைத்திருந்த இடம் காலியாகிறது என்பதுதான் மிச்சம். சீக்கிரமே வேறொன்று வந்து குடியேறும். நடுவில் அந்தக் கீரி தின்றுகொண்டிருந்த எலியும் பெருச்சாளியும் பெருகும். எலியைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். கோழிக்கூண்டில் பாம்பு வந்துவிட்டது என்று அலறியடிக்கும் வீடுகளில் தீவனம் சிந்திக் கிடப்பதையும் எலி வளை தோண்டியிருப்பதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, பருந்து எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. விஷம் வைப்பதும் பொறி வைப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். சிறை வரை போகும். "யாருங்க பாக்கறா" என்பார்கள். பார்க்கிறார்களோ இல்லையோ, மருந்து ஆள் பார்த்துக் கொல்வதில்லை. வேலியோரம் வைத்த கருவாட்டை முதலில் மோப்பம் பிடிப்பது உங்கள் நாய், அடுத்தது அண்டை வீட்டு நாய். மருந்து கலந்த தானியம் என்றால் மயில் கொத்தும். உங்கள் கோழியே கொத்தும், அந்தக் கோழியை வீட்டில் குழம்பும் வைப்பார்கள்.

கரண்ட் விஷயம் இதைவிட மோசம். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பியில் மின்சாரம் கொடுப்பது வேலி போடுவது ஆகாது, கொலைக்கருவி செய்வதாகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் காட்டுப்பன்றிக்காகக் கட்டிய இப்படியொரு கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் பிணங்களைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. யானையையே சாய்க்கும் கம்பி, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆளை விட்டுவிடுமா? பேட்டரியில் விட்டு விட்டு அதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலி வேறு சங்கதி. அதற்கும் தமிழ்நாட்டில் 2023இல் விதிகள் வந்துவிட்டன. பத்துக் கோழிக்கு அது தேவையும் இல்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு கட்சி உண்டு. இவர்கள் கீரியைக் கொல்லச் சொல்வதில்லை. "நாட்டுக்கோழி தன்னால பொழச்சுக்கும். எங்க தாத்தா காலத்துல கூண்டா கட்டுனாங்க?" என்பது இவர்கள் வாதம். கேட்க இயற்கை விவசாயம் மாதிரி இருக்கும். ஆனால் தாத்தா காலத்தில் கூண்டு இருந்தது. தென்மாவட்டத்தில் பஞ்சாரம் என்றும் கொங்குப் பக்கம் கொடாப்பு என்றும் சொல்வது வேறென்ன? மூங்கில் பிளாச்சில் நெருக்கமாகப் பின்னி, சாயங்காலம் தாயையும் குஞ்சையும் உள்ளே விட்டுக் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். அந்தக் கல்லை மறந்துவிட்டுத்தான் இப்போது "தன்னால பொழச்சுக்கும்" என்கிறோம். திண்ணைக்கு அடியில் மண்ணால் மாடம் கட்டி, பலகைக் கதவு போட்டு, ராத்திரி முட்டுக்கட்டை கொடுத்த வீடுகளும் இருந்தன. பகலில் வீட்டில் ஆத்தா இருந்தார், மருமகள் இருந்தார், வாசலில் நெல் காய்ந்தது, அதைக் காவல் காக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். பருந்து நிழல் தரையில் விழுந்தால் நாலு தொண்டை சேர்ந்து கத்தும். இன்றைக்கு ஒன்பது மணிக்குப் பூட்டினால் ஆறு மணிக்குத் திறக்கிற வீடு. தாத்தா காலத்துச் சுதந்திரத்தை மட்டும் கோழிக்குக் கொடுத்துவிட்டு, தாத்தா காலத்துக் காவலை எடுத்துவிட்டோம். தவிர, இப்போது நாம் வாங்கி விடும் கோழிகள் பலவும் முட்டைக்காகவும் எடைக்காகவும் கலந்து உருவாக்கியவை. குடுகுடுவென்று மரத்தில் ஏறும் சிறுவிடை ரக நாட்டுக்கோழியோடு அவற்றை ஒப்பிட முடியாது. கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவை எங்கே பறக்கும்?

நாய் வளர்த்தால் போதும் என்பவருக்கும் பழைய சிடி தட்டுகளைக் கட்டித் தொங்கவிடுபவருக்கும் நீண்ட பதில் தேவையில்லை. நல்ல நாய் உதவும். ஆனால் கோழியைத் தொடாமல் இருக்கப் பழகிய நாய் அமைவது அதிர்ஷ்டம். சிடி மினுக்குவதைப் பருந்து கொஞ்ச நாளில் புரிந்துகொள்ளும்.

என் வாதம் சின்னது. தோட்டம் முழுக்க வேலி போட்டுக் கோட்டை கட்ட வேண்டாம். ராத்திரி கோழி தூங்கும் பெட்டி ஒன்றை மட்டும் ஓட்டை இல்லாமல் கட்டுங்கள். கோழியே அதற்கு ஒத்துழைக்கும்: பொழுது மங்கியதும் உயரமான, பழகிய இடம் தேடி அடையும் குணம் அதன் காட்டு மூதாதையிடமிருந்து வந்தது. சில நாள் உள்ளேயே தீனி வைத்துப் பழக்கினால், பிறகு தானாக வரிசையில் ஏறிவிடும். நாம் செய்ய வேண்டியது கதவைச் சாத்திக் கொண்டி மாட்டுவது. கொண்டி என்றால் கொண்டி, கயிறு கட்டுவது இல்லை. கயிற்று முடிச்சை மரநாய் பல்லால் பிரிக்காவிட்டாலும், முட்டித் தள்ளித் தலை நுழைக்கும் அளவுக்குக் கதவை அகட்டிவிடும்.

அடுத்தது வலை. கடையில் "கோழி வலை" என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைச் சுருட்டிக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க அது செய்யப்படவே இல்லை. நாய் இரண்டு முறை காலால் வாரினால் பிய்ந்துவிடும், கண் வழியாகக் கீரியின் மூஞ்சி நுழையும், குட்டிப்பாம்பு உடம்போடு நுழையும். பெட்டிக்கு வேண்டியது அரை இஞ்சு வெல்டுமெஷ். விலை கூடத்தான். ஆனால் பந்தல் அளவுக்கு மலிவு வலை வாங்கும் காசில் பெட்டி அளவுக்கு நல்ல வலை வாங்கிவிடலாம் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். வலையைச் சட்டத்தில் ஆணியை மடக்கி அடிக்காமல், பட்டை வைத்துத் திருகாணியில் முடுக்க வேண்டும். பெருச்சாளி தோண்டுவதைத் தடுக்கப் பலரும் ஆழமாகப் பள்ளம் எடுத்து வலையைப் புதைக்கிறார்கள். அவ்வளவு பாடு வேண்டாம். பெட்டியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி வலையைத் தரையோடு படுக்கவைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரமாகத்தான் தோண்ட ஆரம்பிக்கும். கம்பி தட்டுப்பட்டதும் பின்னால் ஒன்றரை அடி தள்ளிப்போய் ஆரம்பிக்க அதற்குத் தோன்றாது. கால் வைத்து உயர்த்திக் கட்டிய பெட்டி என்றால் இதுவும் தேவையில்லை, அடித்தளத்துக்கும் அதே வலை போதும்.

கூரை ஓரத்தைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கதவுக்குப் பூட்டே போட்டிருப்பார்கள், மேலே தகரத்தின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவில் வரிசையாக ஓட்டை இருக்கும். நன்றாக இருட்டிய பிறகு பெட்டிக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு வைத்து, வெளியே நின்று சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடங்களில் இரண்டு விரல் நுழையும் ஒவ்வொன்றும் ஒரு வாசல்.

பகல் வேறு கணக்கு. மேயவிட்டுத்தான் ஆக வேண்டும்; மேயாத நாட்டுக்கோழியை யார் வாங்குவார்? இங்கே காவல் என்பது நிழலும் மறைவும். வெட்டவெளியில் மேயும் குஞ்சுதான் பருந்துக்கும் வைரிக்கும் சுலபம். முருங்கை, கறிவேப்பிலை, கோவைக்கொடி படர்ந்த வேலி, பழைய கட்டிலைக் கவிழ்த்துப் போட்டதுகூடப் போதும். பத்தடிக்கு ஒரு பதுங்குமிடம் இருந்தால் தாய்க்கோழி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கோழி வானத்து ஆபத்துக்கு ஒரு குரலும் தரை ஆபத்துக்கு வேறொரு குரலும் கொடுக்கும் என்பது ஆராய்ச்சியில் உறுதிப்பட்ட விஷயம். பருந்தைக் கண்டால் நீட்டி மெலிதாக ஒரு சீறல், குஞ்சுகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும் அல்லது செடிக்கடியில் பாயும். நாயையோ கீரியையோ கண்டால் கொக்கரிப்பு விட்டு விட்டு உரக்க வரும், கோழிகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். இந்தக் குரலை இன்குபேட்டர் குஞ்சுக்கு யார் கற்பிப்பது? தாயில்லாமல் வாங்கி வந்த குஞ்சுகளை இறகு முற்றும் வரை வெளியே விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இத்தனைக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு குஞ்சு பருந்துக்குப் போகும். போகட்டும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் ஒரே வாரத்தில் மொத்தக் கூட்டத்தையும் பறிகொடுக்கிறவர், ஒரு குஞ்சைத் தூக்கிய பருந்தைக் கல்லால் அடிக்கக் கிளம்புவது எனக்கு விளங்கவே இல்லை. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் அந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

கடைசியாக ஒரு ஆட்சேபம், இதில் நியாயம் உண்டு. "அடைச்சு வெச்சா செள்ளு புடிக்குமுங்க" என்பார்கள் பெண்கள். கூண்டைக் கூட்டி அள்ளுவது அவர்கள்தான், அவர்கள் சொல்வதைத் தள்ள முடியாது. நாலு பக்கமும் பலகை அடித்த பெட்டியில் எச்சத்தின் நெடி மண்டும், மரச்சந்தில் உண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரி இறங்கிக் கடிக்கும், சித்திரை வெயிலில் கோழி வாய் பிளக்கும். அதற்குப் பதில் கதவைத் திறந்துபோடுவது இல்லை. பெட்டியின் கீழ்ப்பாதி மட்டும் பலகை அல்லது செங்கல், மேல்பாதி முழுக்க அரை இஞ்சு வலை. காற்று போகும், மரநாய் வராது. அடையும் கம்பை எடுத்துக் கழுவும்படி கழற்றி மாட்டும் விதத்தில் வையுங்கள், அதன் நுனியும் சட்டம் சேரும் இணைப்புகளும்தான் உண்ணியின் வீடு. அங்கே மாசம் ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தரையில் நெல் உமி, மேலே அடுப்புச் சாம்பல், ஈரம் பட்டால் அன்றைக்கே அள்ளி எருக்குழிக்கு. பகலில் கோழி புரண்டு குளிக்கச் சாம்பல் கலந்த புழுதிக் குழி ஒன்றை நிழலில் விட்டுவிட்டால் செள்ளின் பாதியை அதுவே உதறிக்கொள்ளும்.